வெனிஸில் ஒரு மணி நேர போட்டோஷூட்: எந்த நேரத்துக்கு, யாரை அமர்த்துவது?

நொய்யல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நானும் என் மனைவியும் வெனிஸ் நகரில் மூன்று இரவுகள் தங்கவிருக்கிறோம். திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவதை ஒட்டிய பயணம் இது. எங்கள் கல்யாண ஆல்பம் ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது ஏட்டோடு ஏடு ஒட்டிக்கொண்டு பாதிக்கு மேல் வீணாகிவிட்டது. ஆகையால் இம்முறை கைப்பேசிப் படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அமர்த்தி, குறைந்தது நாற்பது நல்ல படங்களாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருக்கிறோம். மனைவி தம் கூரைப்புடவையை உடுத்த விரும்புகிறார்.

இணையத்தில் தேடினால் பல பேர் வருகிறார்கள். விலையோ ஒருவருக்கொருவர் இரண்டு மூன்று மடங்கு வேறுபடுகிறது. மாலை வெயிலில் எடுப்பது நல்லதா, காலையில் எடுப்பது நல்லதா என்பது என் முதல் ஐயம். கொண்டோலாப் படகில் ஏறும் செலவு கலைஞரின் கட்டணத்திலேயே அடங்குமா என்பது அடுத்தது. இன்னும் விசா கைக்கு வரவில்லை என்பதால் முன்பணம் கட்டலாமா என்றும் தயக்கமாக இருக்கிறது. நாங்கள் இருவருமே ஒளிப்படக் கருவிக்கு முன்னால் கூச்சப்படுகிறவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


மிலான்வாசி எழுதியது:

நொய்யல் அவர்களுக்கு வாழ்த்துகள். நான் வட இத்தாலியில் வேலை பார்ப்பவன். ஊரிலிருந்து உறவினர்கள் வரும்போதெல்லாம் வெனிஸுக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பாகிவிட்டதால், இந்த விஷயத்தில் கொஞ்சம் அனுபவம் உண்டு.

எந்தக் கலைஞர், எந்த இடம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் வெனிஸில் முதலில் முடிவு செய்ய வேண்டியது. அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அங்கே சூரியன் எழுவது ஏழேகால் மணியை ஒட்டி. நீங்கள் ஆறே முக்காலுக்கு சான் மார்கோ சதுக்கத்தில் நின்றால், குப்பை அள்ளுபவர்களையும் ஓட்டப் பயிற்சிக்கு வருபவர்களையும் தவிர வேறு எவரையும் பார்க்க மாட்டீர்கள். ஒன்பது மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு பெரிய கலைஞரானாலும் உங்கள் தோளுக்குப் பின்னால் பத்துத் தலைகள் தெரியாமல் படம் எடுக்க முடியாது. மாலை வெயில் அழகுதான். ஆனால் அந்த வெயிலைப் பார்க்க ஊரே கூடி நிற்கும்.

ஒளி எந்தப் பக்கம் விழும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். சான் மார்கோ பேராலயத்தின் முகப்பு மேற்கு நோக்கியது; காலையில் அது நிழலில்தான் இருக்கும். ஆகவே அங்கே இரண்டொரு படத்தோடு முடித்துக்கொண்டு, டோஜே (பழைய வெனிஸ் குடியரசின் தலைவர்) அரண்மனையை ஒட்டி நீர்க்கரைக்கு நடந்து வந்துவிட வேண்டும். கிழக்கே வெயில் எழும்போது, கால்வாய்க்கு அப்பால் நிற்கும் சாந்தா மரியா டெல்லா சலூத்தே ஆலயத்தின் குவிமாடம் மெல்லப் பொன்னிறமாகும். 1630-ஆம் ஆண்டுக் கொள்ளை நோயிலிருந்து நகரம் மீள வேண்டும் என்று நேர்ந்துகொண்டு எழுப்பிய ஆலயம் அது. நீல உறை போர்த்திய கொண்டோலாக்கள் கரையில் வரிசையாக ஆடிக்கொண்டிருக்க, பின்னால் அந்தக் குவிமாடம் தெரியுமாறு எடுக்கும் படம் ஒன்றுக்காகவே விடியலில் எழலாம். அங்கிருந்து சில அடிகள் நடந்தால், பெருமூச்சுப் பாலத்தைப் பார்க்க வாய்ப்பான வைக்கோல் பாலம் வந்துவிடும். (காதலர் பாலம் என்று எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அது அரண்மனை நீதிமன்றத்திலிருந்து கைதிகளைச் சிறைக்குக் கொண்டு சென்ற வழி. பெருமூச்சு அவர்களுடையது.)

ஒரு மணி நேரத்தில் இந்தப் பகுதியையும், பின்புறச் சந்துகள் வழியாக ரியால்ட்டோ பாலம் வரையிலும்தான் முடியும். ஐந்து இடங்களுக்கு அழைத்துச் செல்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு மணியில் பாதி நேரம் நடையிலேயே போய்விடும் என்று பொருள். இன்னொன்று: தங்குமிடம் தீவுக்குள் இருக்கட்டும். மலிவாக இருக்கிறதென்று நிலப்பகுதியான மெஸ்த்ரேயில் அறை எடுத்தால், பட்டுப்புடவையோடு விடியலில் ரயிலோ பேருந்தோ பிடித்து வர வேண்டியிருக்கும்.

கொண்டோலா பெரும்பாலும் கலைஞரின் கட்டணத்தில் அடங்காது. நகராட்சி நிர்ணயித்த விலை 2023 நவம்பர் முதல் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ. இரவு ஏழு மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது ஆளுக்கு அன்று, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால் கலைஞரும் உங்களோடு உட்காரலாம். ஆனால் விடியற்காலையில் படகோட்டிகள் இருக்க மாட்டார்கள். படகுச் சவாரியும் படத்தில் வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கு மேல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சவாரியை உங்கள் இருவருக்கும் மட்டும் என்று விட்டுவிடுங்கள். என் விருப்பம் இரண்டாவது. அந்த அரை மணி நேரமும் எதிரில் ஒருவர் கருவியோடு உட்கார்ந்திருந்தால் பேசிக்கொள்ளக்கூட முடியாது.


தறிநூல் எழுதியது:

வணக்கம் சார். இது உங்கள் துணைவியாருக்காக எழுதுவது. அவரிடம் படித்துக் காட்டுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் பட்டுப்புடவையோடுதான் வெனிஸில் படம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் காலணி. அந்த நகரத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் படிகள் உண்டு. படியின் விளிம்பில் பதித்திருக்கும் வெள்ளைக்கல் காலைப் பனியில் வழுக்கும். நான் புடவைக்குள் கான்வாஸ் ஷூ அணிந்து நடந்து, படம் எடுக்கும் இடம் வந்ததும் மட்டும் செருப்பு மாற்றிக்கொண்டேன். புடவையைக் கணுக்காலுக்குச் சற்று மேலாகக் கட்டி, கொசுவத்தை உள்பக்கமாக ஊக்குக் குத்திவிட்டால் படியேறும்போது தடுக்காது. நீர்க்கரையில் காற்று வீசும். முந்தானையைப் பறக்கவிட்டு ஒரு படம் எடுக்கலாம், மற்ற நேரத்தில் அதையும் தோளில் குத்தி வையுங்கள். விடியலில் குளிரும் என்பதால் புடவை நிறத்துக்கு ஒத்த சால்வை ஒன்று கட்டாயம் வேண்டும். அதைப் படத்திலும் போர்த்திக்கொள்ளும்படியாகத் தேர்ந்தெடுத்தால், கழற்றி யார் கையில் கொடுப்பது என்ற கவலையும் இல்லை.

அடுத்தது யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. எனக்கு முதலில் வந்த படங்களில் என் முகமும் கையும் என்னுடையவையாகவே இல்லை; இரண்டு மூன்று சாயல் வெளுப்பாக்கி, அரக்கு நிறப் புடவையையும் ஏறக்குறைய ரோஜா நிறமாக்கி அனுப்பியிருந்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. தங்கள் வழக்கமான மெருகூட்டலை அப்படியே போட்டுவிட்டார்கள். தோல் நிறத்தைத் தொட வேண்டாம், ஜரிகையும் புடவையும் நேரில் இருக்கும் நிறத்திலேயே வேண்டும் என்று எழுதிக் கேட்ட பிறகு மறுபடி திருத்தித் தந்தார்கள். இதை ஒப்புக்கொள்ளும்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுடைய பழைய படங்களில் நம்மைப் போன்ற மாநிறத்தவர்களும் கறுப்பு நிறத்தவர்களும் எப்படித் தெரிகிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னும் நல்லது.

கூச்சம் பற்றிச் சொன்னீர்கள். அங்குள்ளவர்கள் இயல்பாகவே முத்தமிடுங்கள், கட்டியணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். அது உங்களுக்கு ஒவ்வாது என்றால் அந்த இடத்தில் நின்று நெளிவதைவிட, முன்னதாகவே மின்னஞ்சலில் தெரிவித்துவிடலாம். எங்களைச் சும்மா நடக்கவிட்டு, பேசவிட்டு, சற்றுத் தள்ளி நின்று எடுங்கள் என்று கேட்டேன். வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது, நடுப்பாலத்தில் என் கணவர் என் பையையும் ஷூவையும் சுமந்துகொண்டு நிற்கும் படம்தான்.


ஓடத்துறை எழுதியது:

மேலே இருவரும் சொன்னதோடு நானும் உடன்படுகிறேன். பணம் கட்டும் விஷயத்தில் மட்டும் என் கசப்பான அனுபவத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் இணையத்தில் ஒருவருடைய படங்களைப் பார்த்து மயங்கி முழுத் தொகையையும் முன்னதாகவே கட்டினோம். அன்று காலை வந்தவரோ வேறொருவர். அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது, நான் அவருடைய உதவியாளர் என்றார். எடுத்தது இருநூறு படங்களுக்கு மேல் இருக்கும். எங்களுக்கு வந்தது பதினைந்து. மீதி வேண்டுமென்றால் படம் ஒன்றுக்கு இத்தனை யூரோ என்று ஒரு பட்டியலும் கூடவே வந்தது. அந்த நிபந்தனை அவர்களுடைய பக்கத்தில் எங்கோ எழுதித்தான் இருந்தது என்பதால் நாங்கள் வாயைத் திறக்க முடியவில்லை.

ஆகவே, படம் எடுக்கப்போகிறவர் இன்னார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். திருத்திய படங்கள் எத்தனை, அவற்றைத் தேர்ந்தெடுப்பது நீங்களா அவரா, முழு அளவுக் கோப்பாகத் தருவாரா, எத்தனை நாளில் தருவார் என்பவையும் அதே கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் படத்தைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றால் அதையும் குறிப்பிடுங்கள்; ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விலை வேறுபாடு என்று நீங்கள் வியந்தீர்களே, அதில் பெரும்பகுதி இந்தப் படக் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

விசாவுக்கு முன் முழுத்தொகை வேண்டாம். சிறு முன்பணம் கட்டி நாளைப் பிடித்து வைத்துக்கொண்டு, விசா மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்குமா என்று நேரடியாகக் கேளுங்கள். பதிலைத் தவிர்ப்பவரை விட்டுவிடுங்கள்.

மழையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அக்டோபரில் கேட்க வேண்டிய கேள்வி அது. கடல்நீர் நகருக்குள் ஏறும் ஆக்குவா அல்தா இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான் அதிகம். 2020 அக்டோபரில் முதன்முதலாக இயக்கப்பட்ட மோசே தடுப்புக் கதவுகள் வந்த பிறகு பெருவெள்ளம் தடுக்கப்படுகிறது என்றாலும், பொதுவாக 110 சென்டிமீட்டர் அளவை எட்டும் என்று கணிக்கப்படும் ஓதங்களுக்கே அவற்றை உயர்த்துகிறார்கள்; சான் மார்கோ சதுக்கமோ ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று. ஓத முன்னறிவிப்பை நகராட்சியே வெளியிடுகிறது, முதல் நாள் இரவு பார்த்துவிடலாம். கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால் பேராலயம் தரையில் தலைகீழாகத் தெரியும் அருமையான படம் கிடைக்கும், ஆனால் பட்டுப்புடவைக்கு அது ஆகாது. மூன்று இரவு தங்குவதால் முதல் விடியலையே பிடியுங்கள். கெட்டுப்போனால் அடுத்த நாளுக்கு மாற்றித்தர வேண்டும் என்று பேசி வையுங்கள்.


நொய்யல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் மாலை ஆறு மணிக்கே ஒருவரைப் பேசி முடிக்க இருந்தேன், நிறுத்திவிட்டேன். தறிநூல் அம்மா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஷூ விஷயத்தை உடனே ஒப்புக்கொண்டார். பையை நான் சுமப்பதையும் அதைவிட விரைவாக ஒப்புக்கொண்டார்.

இன்னும் இரண்டு கேட்க வேண்டும். வண்ண வண்ண வீடுகள் இருக்கும் புரானோ தீவிலும் சில படங்கள் எடுக்கலாமா? பொது இடத்தில் எடுப்பதற்கு அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?


மிலான்வாசி எழுதியது:

புரானோவுக்கு ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து 12-ஆம் எண் வபொரெட்டோவில் (பொதுப் பயணப் படகு) முக்கால் மணி நேரம் ஆகும். கலைஞரையும் அழைத்துச் சென்றால் அரை நாள் கட்டணம் கேட்பார். அதோடு, மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாகச் சுவர்கள் நிற்கும் தெருவில் அரக்குப் பட்டும் ஜரிகையும் எடுபடா, ஒன்றோடொன்று போட்டியிடும். வெள்ளை வேட்டி சட்டையோடு நீங்கள் மட்டும் நின்றால் நன்றாக இருக்கும்! அங்கே போய்ப் பாருங்கள், கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டு வாசற்படிகளில் மட்டும் உட்கார வேண்டாம். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

இருவரைக் கையில் பிடித்த கருவியால் தெருவில் படம் எடுப்பதற்கு யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை. ஆலயங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் கலைஞரை அழைத்துச் செல்லும் எண்ணம் வேண்டாம். சான் மார்கோவில் படிகளில் உட்காருவதற்கும் புறாக்களுக்குத் தீனி போடுவதற்கும் அபராதம் உண்டு. புறா பறக்க நடுவில் நிற்கும் பழைய பாணிப் படத்தை உங்கள் கலைஞர் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். பகல்நேரப் பயணிகளுக்கான நுழைவுக் கட்டணம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதுவரை அது ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாட்களில்தான் வசூலிக்கப்படுகிறது, நகருக்குள் தங்குபவர்களுக்கு அதுவும் இல்லை.

எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து பசிக்கும். சதுக்கத்தில் 1720 முதல் நடந்துவரும் ஃப்ளோரியன் காப்பிக்கடை ஆசையைக் கிளப்பும். வெளியே இசைக்குழு வாசிக்கும்போது உட்கார்ந்தால் இசைக்கும் சேர்த்துக் காசு போடுவார்கள் என்று தெரிந்துகொண்டு உட்காருங்கள். ரியால்ட்டோ சந்தைப் பக்கம் வந்தால் மீன் வியாபாரிகளோடு நின்றபடியே குடிக்கலாம். படம் எடுத்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவரும் விடியலில் எழுந்து வந்தவர்தான்.