காட்டு வான்கோழி வேட்டைக்கு எந்த ரவை, எவ்வளவு தூரம்?

கேட்டவர்: சுங்கை சிப்புட் வாசகர்

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் பணிபுரியும் நான், உரிமம் பெற்ற 12 போர் துப்பாக்கியால் காட்டுப்பன்றி சுட்டுப் பழகியவன். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வாழும் என் மைத்துனர், வசந்தகால வான்கோழி வேட்டைக்கு என்னை அழைத்திருக்கிறார். பத்து கிலோ வரை வளரும் பறவை என்பதால், பன்றிக்குப் பயன்படுத்தும், சில பெரிய குண்டுகள் அடங்கிய எஸ்.ஜி. தோட்டாவே பொருத்தமாக இருக்குமா? எவ்வளவு தூரத்திலிருந்து சுடலாம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: பழைய வேட்டைக்காரர்

தம்பி, எஸ்.ஜி.யை முற்றிலும் மறந்துவிடுங்கள். தோட்டாவுக்குள் நிறைக்கும் சிறு குண்டுகளே ரவை; அதன் எண் கூடக்கூட அளவு சிறிதாகும். மிசூரியில் 4ஆம் எண்ணைவிடப் பெரிய ரவைக்கு அனுமதி இல்லை. சட்டம் ஒருபுறமிருக்க, பன்றியின் நெஞ்சைக் குறிவைப்பதுபோல வான்கோழியின் உடலைக் குறிவைக்கக் கூடாது. அடர்ந்த இறகும் தடித்த மார்புத் தசையும் ரவையின் வேகத்தைத் தின்றுவிடுவதால், காயம்பட்ட பறவை பறந்துபோய் எங்கோ புதரில் வதைபட்டுச் சாகும். குறி தலையும் கழுத்தும் மட்டுமே. அந்த ஒடுங்கிய இலக்கில் மூளையோ கழுத்தெலும்போ அடிபட வேண்டுமானால், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய குண்டுகளைவிட, நெருக்கமாகச் செல்லும் பல சிறிய ரவைகளே உதவும்.

ஈயத்தில் 4, 5, 6 ஆகிய எண்களே வழக்கம். ஓர் அவுன்ஸில் 4ஆம் எண் ஏறத்தாழ 135 ரவைகளும், 6ஆம் எண் 225 ரவைகளும் கொண்டிருக்கும். ஊடுருவலும் எண்ணிக்கையும் ஓரளவு சமன்படுவதால் நான் 5ஐ விரும்புவேன். ரவைகள் அதிகம் சிதறாமலிருக்கக் குழல் வாயைக் குறுக்கும் அமைப்பே சோக்; ஃபுல் சோக் அல்லது அதைவிட இறுக்கமான சோக் தேவை. புறப்படும் முன் காகிதத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து, 20, 30, 40 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். வட்டத்துக்குள் சுமார் 100 ரவைகள் விழும் கடைசித் தூரமே உங்கள் எல்லை. ஈயத்துக்கு அது 40 கெஜத்தைத் தாண்டக் கூடாது.

டி.எஸ்.எஸ். எனும் டங்ஸ்டன் ரவை ஈயத்தைவிட மிக அடர்த்தியானது என்பதால், 2 மில்லிமீட்டர் அளவுள்ள 9ஆம் எண்ணே போதிய அளவு ஊடுருவும். அதை நம்பி 60 கெஜத்தில் சுடுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் எழுப்பும் அழைப்பொலிக்கு மயங்கிப் பறவை அருகில் வரும்வரை பொறுத்திருப்பதே இந்த வேட்டையின் உயிர். ஆனால் மிக அருகிலும் எச்சரிக்கை வேண்டும்: 10 கெஜத்தில் ரவைகள் கைப்பிடியளவே பரவியிருக்கும் என்பதால், குறி சற்றுப் பிசகினாலும் முழுவதும் தவறிவிடும்.

மறுமொழி 2: கோல கங்சார் வாசகர்

தூரத்தைக் கணிக்க நம் தோட்டத்திலேயே பழகலாம். செம்பனைகள் பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளியில் நடப்படுவதால், ஒரு வரிசையில் நான்கு இடைவெளிகள் ஏறக்குறைய 40 கெஜம். ஆயினும் மரமற்ற புல்வெளியில் கண் ஏமாற்றும். அமர்ந்தவுடன் தூரமானியால் எல்லையை அளந்து, அங்குள்ள ஒரு கல்லையோ செடியையோ மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வருகையாளராகச் செல்லும் வெளிநாட்டவர், செல்லத்தக்க வேட்டை உரிமம் இன்றி அங்கே துப்பாக்கியைக் கையில் எடுப்பதே பொதுவாகக் குற்றம் என்பதால், முதலில் அதைப் பெறுங்கள். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் இருக்கும்; பிற வேட்டைக்காரர் உங்களைப் பறவையென எண்ணிவிடாமலிருக்க, அந்நிறங்களில் கைக்குட்டைகூட வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மைத்துனரின் துப்பாக்கிக் குழலில் 2¾ அங்குலம் என்று பொறித்திருக்கிறது. கடைகளில் 3 அங்குலத் தோட்டாக்களே அதிகம் என்கிறார். அவற்றைப் போடலாமா?

மறுமொழி 1: பழைய வேட்டைக்காரர்

போடவே கூடாது, தம்பி. தோட்டாவின் நீளம் சுட்டபின் அதன் வாய் விரிந்த நிலையில் கணக்கிடப்படுவதால், 3 அங்குலத் தோட்டா உள்ளே எளிதாக நுழைந்துவிடக்கூடும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரும். 2¾ அங்குலத்திலேயே 1½ அவுன்ஸ் ஈயம் நிறைத்த வான்கோழித் தோட்டாக்கள் உண்டு. அதில் 5ஆம் எண்ணை வாங்கிக் காகிதத்தில் சோதியுங்கள். வட்டம் 35 கெஜம்வரைதான் நிறைகிறது என்றால், 35 கெஜத்துக்குள் வரும் பறவையை மட்டும் சுடுங்கள்.