1, 2, 3ஆம் வகுப்பு ஒரே அறையில்: பார்த்து எழுதுவதை விட்டுக் குழுவாக நடத்துவது எப்படி?

சிலேட்டுப்பலகை (கேள்வி):

மூன்று வகுப்பு, ஓர் அறை, ஓர் ஆசிரியர், 26 பிள்ளைகள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற இரண்டும் கரும்பலகையைப் பார்த்து எழுதும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எழுதிய நோட்டிலிருந்தே ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. 3ஆம் வகுப்பில் நான்கு பேருக்கு உயிர்மெய்யே தகராறு. கழித்தலில் கடன் வாங்கச் சொன்னால் எல்லாரும் விழிக்கிறார்கள்.

அலமாரியில் பழைய செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டை அட்டையாகத் தாமே செய்து கற்கும் முறை) அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. தமிழக அரசின் அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டமான எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலும் கையேடும் உண்டு. கொள்கை விளக்கம் வேண்டாம். எப்படிப் பிரிப்பது, ஒரு குழுவோடு உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு என்ன வேலை, "நோட்டில் ஒன்றுமே இல்லையே" என்று பெற்றோர் கேட்டால் எதைக் காட்டுவது?

ஏணிப்படி:

முதலில் வகுப்பை மறந்துவிட்டு, வாசிப்பை வைத்துப் பிரியுங்கள். கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில் பயன்படுத்தும் முறை இதற்குப் போதும். ஒரே தாளில் 10 எழுத்து, 10 எளிய சொல், 4 வரிப் பத்தி, 8 முதல் 10 வரிக் கதை. பத்தியில் தொடங்குங்கள். சரளமாகப் போனால் கதைக்கு ஏற்றுங்கள், திக்கினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறக்குங்கள். ஆளுக்கு 5 நிமிடம். மூன்று நாளில் பரப்பினால் முடிந்துவிடும். மற்ற பிள்ளைகள் காதில் விழாத தூரத்தில் வைத்துக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஐந்தாவது பிள்ளை பத்தியை மனப்பாடமாக ஒப்பிக்கும்.

எழுத்தில் நிற்பவர்கள் அரும்பு, சொல் வரை வருபவர்கள் மொட்டு, பத்தி தாண்டியவர்கள் மலர். எண்ணும் எழுத்தும் 2022இல் வந்தபோது வைத்த பெயர்களே இவை. புதிதாகப் பெயர் சூட்ட வேண்டாம். கணக்குக்குத் தனியாகப் பிரியுங்கள். தமிழில் அரும்பாக இருக்கும் பிள்ளை கணக்கில் மலராக இருக்கும். இதைக் கலந்துவிட்டால் அந்தப் பிள்ளை இரண்டிலும் கெடும்.

காலையில் 90 நிமிடத்தை உடைக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 நிமிடம் எல்லாருக்கும் சேர்த்துக் கதை அல்லது பாட்டு. பிறகு 25 நிமிடமாக மூன்று சுற்று. கடைசி 5 நிமிடம் பொருளை எடுத்துவைக்க. மூன்று குழுவுக்கும் ஆசிரியர் நேரத்தைச் சமமாகப் பங்கு போடாதீர்கள். முதல் சுற்று முழுவதும் அரும்போடு. இரண்டாவதில் 15 நிமிடம் மொட்டோடு, மீதி 10 நிமிடம் அறையைச் சுற்ற. மூன்றாவதில் மலருக்கு 10 நிமிடம் போதும். பாக்கி 15 நிமிடம் மறுபடி அரும்புக்கே.

இதற்கு ஒரே நிபந்தனை: ஆசிரியர் இல்லாத குழுவின் வேலையைப் பிள்ளைகளே திருத்திக்கொள்ள முடிய வேண்டும். படம்–சொல் அட்டையின் பின்புறம் விடை, இரண்டு துண்டாக வெட்டிய சொல் (சரியாக இருந்தால்தான் விளிம்பு பொருந்தும்), கணக்கு அட்டையின் பின்னால் பென்சிலில் விடை. "டீச்சர், இது சரியா?" என்று நிமிடத்துக்கு ஒருமுறை வந்து நின்றால் தப்பு அட்டையில், பிள்ளையிடம் இல்லை.

உங்கள் பழைய அட்டைகள் இதற்காகவே செய்யப்பட்டவை. ஆந்திரத்தின் ரிஷிவேலி கல்வி மையத்தைச் சேர்ந்த கிராமப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் போனது செயல்வழிக் கற்றல். ஆசிரியர் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்று பிள்ளைகளை வட்டங்களாகப் பிரித்ததன் உள்ளர்த்தமே ஆசிரியரின் நிமிடத்தைச் சேமிப்பதுதான். பல இடங்களில் அட்டையை முடிப்பதே வேலையாகி, அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணியில் பிள்ளை எத்தனையாவது படி என்று குறிப்பதே பாடமாகிவிட்டது. அதனால் ஏணிப்படி அட்டவணையை உள்ளேயே வைத்துவிட்டு, அட்டைகளை மட்டும் வெளியே எடுங்கள். அட்டையிலுள்ள சின்னத்தைத் தட்டிலும் ஒட்டினால், வாசிக்கத் தெரியாத பிள்ளையும் சரியான தட்டில் திருப்பி வைக்கும்.

ஐயம்திரிபு:

ஏணிப்படி சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 3ஆம் வகுப்பு நால்வரையும் 1ஆம் வகுப்பு அரும்புகளோடு உட்காரவைத்து மறுபடி "அ, ஆ" தொடங்காதீர்கள். வெட்கத்திலேயே வாய் மூடிவிடும். அவர்களுக்கு அநேகமாக எழுத்து தெரியும், அதோடு சேரும் கால், கொம்பு போன்ற குறிதான் தெரியாது. 'க' வரிசை 12 எழுத்தையும் கலைத்துக் காட்டுங்கள். கா, கி, கீ வரை ஓடிவிட்டு கெ, கே, கை, கொ, கோ, கௌ வந்ததும் வண்டி நிற்கும். காரணம் எளிது: ஒலி பின்னால் வருகிறது, குறியோ எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதைக் 'கெ', 'ஆ' என்று படிக்கும் பிள்ளை தன் கணக்கில் சரியாகத்தான் படிக்கிறது. 'கௌ' வந்தால் 'கெள' என்று படிக்கும், அதிலும் நியாயம் உண்டு.

மூன்று துண்டு அட்டை போதும்: ெ, க, ா. நடு அட்டையை மட்டும் ப, ம, த என்று மாற்றி வாசிக்கவிடுங்கள். பிறகு இரட்டைச் சொல்: கொடு–கோடு, தொடு–தோடு, மெல்–மேல். அர்த்தம் மாறுவதைக் கேட்டதும் கொம்பின் வேலை புரியும். உகர வரிசையை ஒரே நாளில் நடத்த வேண்டாம். கு, டு, மு, ரு ஒரு குடும்பம். சு, பு, யு, வு இன்னொன்று. து, நு, லு, னு வேறொன்று. குடும்பம் குடும்பமாகப் போனால் குழப்பம் குறையும்.

1ஆம் வகுப்புக்கு ட, ப, ம மூன்றும் புள்ளியும் வந்தவுடனே படம், மடம், பட்டம், மட்டம் வாசிக்கலாம். 'ர' சேர்ந்தால் மரம், 'க' சேர்ந்தால் பக்கம், கம்பம். கால் வந்தால் பாடம், காகம், பாப்பா. 247 எழுத்தும் முடியும்வரை சொல்லுக்குக் காத்திருந்தால் பிள்ளைக்கு வாசிப்பு என்றால் என்னவென்றே தெரியாது.

பார்த்து எழுதுவதை அடியோடு விடவும் தேவையில்லை. ஒரு வரியைப் பார், மூடு, எழுது, திறந்து ஒப்பிடு. நாளுக்கு மூன்றே வரி.

ஈர்க்குச்சி:

கணக்குக்கு என் பங்கு. ஒரே நீளத்தில் நறுக்கிய ஈர்க்குச்சி 200, ரப்பர் பேண்ட் 20. இருவருக்கு ஒரு செட்: பத்துப் பத்தாக 18 கட்டு, உதிரி 20. 99ஐயும் 99ஐயும் கூட்டினாலும் 198தான், எனவே இந்த எண்ணிக்கை தாங்கும்.

42இல் 17 போக: 4 கட்டு, 2 உதிரி எடு. 7 உதிரி வேண்டும், இல்லை. ஒரு கட்டை அவிழ். இப்போது 3 கட்டு, 12 உதிரி. 7 எடுத்தால் 5, ஒரு கட்டு எடுத்தால் 2. விடை 25. கட்டைப் பிள்ளையே கையால் அவிழ்க்க வேண்டும். ஆசிரியர் பெட்டியிலிருந்து மாற்றிக் கொடுத்தால் 'கடன் வாங்குதல்' மறுபடி மந்திரமாகிவிடும். "கடன்" என்ற சொல்லையே முதல் இரண்டு வாரம் தவிர்த்துவிடுங்கள், "அவிழ்" போதும். குச்சியில் பழகிய பிறகே பத்து ஒரு ரூபாய்க்கு ஒரு பத்து ரூபாய் என்று நாணயத்துக்குப் போகலாம். நாணயத்தில் பத்து கண்ணுக்குத் தெரியாது, நம்ப வேண்டியிருக்கும்.

24ம் 18ம் சேர்ந்து 312 என்று எழுதும் பிள்ளைக்கும் இதே மருந்து: 12 உதிரி சேர்ந்தால் கட்டு போடாமல் எழுதக்கூடாது. "முந்நூற்று ஐந்து" சொன்னால் 3005 வருவது கேட்டபடி எழுதுவதால். 300 என்ற அட்டையின்மேல் 5 அட்டையை வலது ஓரம் ஒட்டி வைத்துக் காட்டினால் தீரும்.

சிலேட்டுப்பலகை:

மூவருக்கும் நன்றி. சக மாணவர் உதவி என்று விட்டால் கெட்டிக்காரப் பிள்ளை விடையைச் சொல்லிக் கொடுத்துவிடாதா? பெற்றோர் கேள்விக்கும் பதில் வேண்டும்.

ஏணிப்படி:

கட்டாயம் சொல்லும். ஒரு விதி வையுங்கள்: உதவுபவர் பென்சிலையும் அட்டையையும் தொடக்கூடாது, கை முதுகுக்குப் பின்னால். "முதல் எழுத்து என்ன?" என்று கேட்கலாம், சொல்லைச் சொல்லக்கூடாது. முதல் வாரம் இதை நடித்தே காட்டுங்கள். ஒரே பிள்ளை தினமும் குட்டி டீச்சராக இருந்தால் அதன் படிப்பு நிற்கும், எனவே வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம்.

பெற்றோருக்கு: ஜூன் முதல் வாரம் 10 சொல் சொல்வதெழுதுதல், தேதி போட்டு ஆளுக்கொரு கோப்பில். ஆகஸ்டில் அதே 10 சொல். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், திருத்தாமல். மாதம் ஒருமுறை அழைத்து, பார்த்திராத பத்தியை ஒரு நிமிடம் பிள்ளை வாசிக்கட்டும். அதற்கு முந்தைய நாள் ஒத்திகை கூடாது. வீட்டுப்பாடம் கேட்டால், 1, 2ஆம் வகுப்புக்குக் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதைச் சொல்லலாம், ஆனால் அது மட்டும் வாய் மூடவைக்குமே தவிர நம்பிக்கை தராது. பதிலுக்கு ஒரு வேலை கொடுங்கள்: இரவு பிள்ளை ஐந்து வரி வாசிக்கும், பெரியவர் கேட்டாலே போதும். எழுத்தறியாத பாட்டியாலும் முடியும்.

குழுவை ஆறு வாரத்துக்கு ஒருமுறை கலையுங்கள். ஒரு பிள்ளை இரண்டு முறை அதே இடத்தில் நின்றால் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.