கோட்டை வாசலில் படம் கீறிய ஐயா

நாலு வருடத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை, திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலில்தான் அவரைக் கண்டேன். சின்னக் கதிரை, தொடையில் ஒரு பலகை. கோணேசர் கோவிலுக்குப் போகிற சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. கோட்டைச் சுவரைக் கீறுகிறாராக்கும் என்று எட்டிப் பார்த்தால், தாளில் இருந்தது ஒரே ஒரு கல். இரண்டு மீன், அதோடு சிதைந்த சில எழுத்துகள்.

அந்தக் கல் வாசலிலேயே இருக்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோவிலை இடித்து, அந்தக் கற்களையே கோட்டைக்கு எடுத்தார்கள் என்பது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தக் கல்லில் இருப்பதாகச் சொல்லும், "முன்னே குளக்கோட்டன் மூட்டுந் திருப்பணியை" என்று தொடங்கும் பாட்டும் மனப்பாடம். மீனை மட்டும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். என் கெட்டித்தனத்தைக் காட்ட, "ஐயா, இதில எழுத்து விட்டுப்போச்சே, சொல்லவா?" என்றேன். நிமிராமலே, "கல்லில இருக்கா தம்பி?" என்றார். போய்ப் பார்த்தேன். இல்லை. இத்தனை வருடமும் நான் கல்லை வாசிக்கவில்லை, மனப்பாடத்தை ஒப்பித்திருக்கிறேன்.

கல்லின் நிறத்துக்கு அவர் பெயின்ற் தொடவில்லை. போத்தல் மூடியில் இருந்த வெறும் தேத்தண்ணியைத் தூரிகையில் தொட்டுப் பூசினார். முதல் பூச்சு வெயில் பட்ட பக்கம். அது காய்ந்தபின் அடுத்தது நிழல்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. காயட்டும் என்று புல்லில் வைத்த தாளின் மூலையைக் கோட்டை மான் ஒன்று கடித்துவிட்டது. (சோற்றுப் பார்சலையே விடாத மான்கள்.) நான் விரட்ட ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டே, கடிபட்ட ஓரத்தில் அன்றைய திகதியைப் போட்டார்.

*

தேத்தண்ணி என்றதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது! இருபது வருடத்துக்கு முந்தி எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து, 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான்காரன் குண்டு போட்டதை அப்பம்மா சொல்லச் சொல்ல, இதே மாதிரித் தேத்தண்ணி தொட்டுக் கீறியவர் அவர்தான். சீனன்குடா எண்ணெய்த் தாங்கி எரிகிற புகையை மெல்லிய கோடாகப் போட்டிருந்தார். "இப்படியில்ல, பகலையே மூடிப்போட்டுது" என்று அப்பம்மா கரித்துண்டைப் பறித்துத் தானே தேய்த்தார். பிறகு ஒரு சண்டை: "அடுப்பில பிட்டுப் பானையை விட்டிட்டுத்தானே ஓடினம், அது எங்க?"

படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. விமானங்களைவிடப் பெரிசாக அதில் ஒரு பிட்டுப் பானை.