ஐல் ஆஃப் மேன்: லேக்ஸி சக்கரம், ஸ்னேஃபெல் டிராம், டின்வால்ட் நாள் – பார்த்தவர்கள் பகிரும் விவரங்கள்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில், லேக்ஸி ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அங்குள்ள பெரிய நீர்ச்சக்கரத்தின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சக்கரம் பாதிதான். மீதி, பக்கத்துச் சரிவில் நீளும் கல் வளைவுகளின் மேல் இருக்கிறது.

1854-இல் ஓட ஆரம்பித்த சக்கரம் இது. விட்டம் 72 அடி 6 அங்குலம், அகலம் 6 அடி. துணைநிலை ஆளுநர் சார்லஸ் ஹோப்பின் மனைவி பெயரால் 'லேடி இசபெல்லா'. தீவில் நிலக்கரி கிடையாது. கப்பலில் கொண்டுவந்து நீராவி எஞ்சின் ஓட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் ஈய, துத்தநாகச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க ஓடைத் தண்ணீரையே பிடித்தார்கள்.

கவனிக்க வேண்டிய வரிசை: மலைச்சரிவில் மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து குழாய் மண்ணுக்கடியில் இறங்கி, சக்கரத்தை ஒட்டிய வெள்ளைக் கோபுரத்துக்குள் தன் அழுத்தத்திலேயே மேலேறுகிறது. மோட்டார் எதுவும் இல்லை. உச்சியில் மரக்கால்வாய் வழியாக வந்து 168 வாளிகளில் விழுகிறது. தண்ணீர் வரும் திசைக்கு எதிராகச் சக்கரம் சுற்றும். முதலில் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

நிமிடத்துக்கு இரண்டரைச் சுற்று. அச்சின் முனையில் உள்ள கிராங்க், கல் வளைவுகளின் மேல் சிறு உருளைகளில் ஓடும் நீண்ட தண்டை 8 அடி முன்னும் பின்னும் தள்ளும். சற்றுத் தொலைவில், 'T' வடிவ நெம்பு ஒன்று அந்தக் கிடைமட்ட அசைவை மேல்கீழ் அசைவாக்கும். பிறகு நம்ம ஊர் கைப்பம்பு வேலைதான், ஆழம் மட்டும் 1,500 அடி. சுரங்கம் ஓடிய காலத்தில் நிமிடத்துக்கு 250 காலன் என்பது கணக்கு. சுற்றுக்கு 100 காலன். ஆகவே படியேறி உச்சியைப் பார்த்ததோடு நிறுத்தாமல், தண்டை ஒட்டிய பாதையில் நெம்பு வரைக்கும் நடங்கள். ஈரத்தில் படிகள் வழுக்கும். மேலே காற்று பலம், தொப்பியைப் பையில் வைத்துவிடுங்கள்.

—

//சக்கரம் பாதிதான்//

சரியாகச் சொன்னீர்கள். இன்னொரு பகுதி ஊருக்குள் கீழே இருக்கிறது. ஈயம், துத்தநாகத் தாதுவைக் கழுவிய களம் இப்போது பூங்கா. ஸ்னேஃபெல் மலைச் சுரங்கத்தின் சின்னச் சக்கரம் அங்கே நிற்கிறது. அந்தச் சுரங்கத்தில்தான் 1897 மே மாதம் தீப்பிடித்து, கார்பன் மோனாக்சைடு வாயுவால் 20 பேர் இறந்தார்கள். லேக்ஸி சுரங்கமே 1929-இல் மூடப்பட்டது. பூங்கா அருகே 19 அங்குலப் பாதையில் குட்டி ரயில் ஓடும். 'ஆன்ட்', 'பீ' என்ற பழைய எஞ்சின்களின் நகல்கள். எல்லா நாளும் ஓடாது, தேதி பார்த்துப் போங்கள்.

—

ஸ்னேஃபெல் மலை டிராமுக்கு ஒரு குறிப்பு. தலைநகர் டக்ளஸிலிருந்து லேக்ஸி வரும் மின்சார ரயிலின் தண்டவாள இடைவெளி 3 அடி; 1895-இல் போட்ட மலைப்பாதையில் 3 அடி 6 அங்குலம். ஆகவே லேக்ஸியில் வண்டி மாறியே ஆக வேண்டும். மேலே போக அரை மணி நேரம். தண்டவாளங்களுக்கு நடுவே சற்று உயரமாக மூன்றாவது தண்டவாளம் தெரியும். அதைப் பல்சக்கரப் பாதை என்று பலர் எழுதுகிறார்கள். பல் எதுவும் இல்லை. பிரேக் கட்டைகள் இருபுறமும் கவ்விப் பிடிப்பதற்கான தண்டவாளம் அது, அவ்வளவுதான். ஏற்றத்துக்குச் சாதாரணச் சக்கரங்களே போதும், சரிவு 12-க்கு 1 இருந்தும்.

2,034 அடி உச்சியில் மேகம் படிந்தால் ஒன்றும் தெரியாது. லேக்ஸியில் நின்று மலையைப் பாருங்கள். மூடியிருந்தால் சக்கரத்தை முதலில் முடியுங்கள். குளிர்காலத்தில் வண்டி கிடையாது.

—

டின்வால்ட் என்பது தீவின் நாடாளுமன்றம். அதன் திறந்தவெளிக் கூட்டத்தைப் பார்க்க ஜூலை 5 செயின்ட் ஜான்ஸ் ஊருக்குப் போக வேண்டும். அன்று சனி, ஞாயிறு வந்தால் அடுத்த திங்கள். ஊர் டக்ளஸ்–பீல் சாலையில் இருக்கிறது, ரயில் போகாது, பஸ்ஸே நல்லது.

தேவாலய வழிபாடு முடிந்து, கோரைப்புல் பரப்பிய பாதையில் எல்லோரும் நான்கடுக்கு மேட்டுக்கு நடந்து வருவார்கள். மேட்டின் உயரம் 12 அடிதான். சட்டையில் செருகியிருப்பது மாசிபத்திரி இனத்துத் தழை. அந்த ஆண்டின் சட்டங்கள் தீவின் சொந்த மொழியான மேங்க்ஸிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கப்படும். வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம்: 18 மாதத்துக்குள் இப்படி அறிவிக்காத சட்டம் செல்லாமல் போய்விடும். பிறகு குறையுள்ள யாரும் மேட்டடிக்கு வந்து மனுக் கொடுக்கலாம். பலர் வாசிப்பு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மனுக் கொடுப்பதுதான் முக்கியமான கட்டம். பாதைக்கு நேர் எதிரே இடம் பிடித்தால் ஊர்வலமும் மனுவும் இரண்டும் தெரியும்.

—

//டின்வால்ட் பார்க்க//

அறை பதிவு செய்யும்போது மே கடைசி, ஜூன் தொடக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். டிடி பைக் பந்தயத்துக்கு மலைச்சாலை மூடப்படும், அறையும் கிடைக்காது. தீவின் பவுண்டு நோட்டு இங்கிலாந்துக் கடைகளில் எடுபடாது. கப்பல் ஏறுமுன் செலவழித்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.