ரத்தக் கழிச்சல் குஞ்சுக்கு ஆம்புரோலியத் தண்ணியில வைட்டமின் கலக்கலாமா?

பால்மரத்து மகள்:
நேத்து இங்க கங்காணி பேரன் சொன்ன வைத்தியத்தைப் படிச்சதிலேருந்து எனக்கு மனசு ஆறல. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துலேருந்து ஒரு தம்பி, 5 வாரக் குஞ்சு ரத்தமா கழியுது, என்ன செய்யன்னு கேட்டிருந்தாரு. அதுக்கு இவர் எழுதின பதில்: "ஆம்புரோலியத்தையும் வைட்டமின் பொடியையும் ஒரே தண்ணியில கலந்து வைங்க, ரெண்டே நாள்ல எழுந்து ஓடும்." அதைப் படிச்சிட்டு நன்றி வேற சொல்லிட்டுப் போயிருக்காங்க.

தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீங்க. ரத்தக் கழிச்சலுக்குக் காரணம் காக்சிடியாங்கிற ஒட்டுண்ணி. குடல் சுவருக்குள்ள புகுந்து பெருகும். பெருகுறதுக்கு அதுக்கு வைட்டமின் பி1 வேணும். ஆம்புரோலியம்ங்கிற காக்சிடியா மருந்தோட அமைப்பு பி1 மாதிரியே இருக்கும், அதனால ஒட்டுண்ணிக்குள்ள பி1 போற வழியை அது அடைச்சிடும். மருந்து வேலை செய்றதே இப்படித்தான். அதே தண்ணியில நீங்க பி1 உள்ள பொடியைக் கொட்டினா, மருந்து அடைச்ச வழியை நீங்களே திறந்து விடுறீங்க. கோழிக்கு விக்கிற வைட்டமின் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் எல்லாத்துலயும் பி1 இருக்கும்.

கங்காணி பேரன்:
வந்துட்டாங்க மகராசி. அம்மா, நான் லயத்துல பிறந்து கோழியோட கோழியா வளர்ந்தவன். எங்க தாத்தா காலத்துலேருந்து வீட்டுப் பின்னால கோழி இல்லாத நாளே கிடையாது. ரத்தமா கழிஞ்ச குஞ்சு உடம்புல சத்தே இருக்காது, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். அதுக்கு வைட்டமின் கொடுக்காம வேற என்ன கொடுக்கச் சொல்றீங்க? நான் கலந்துதான் வச்சேன், குஞ்சு பிழைச்சுது. இதுக்கு மேல என்ன வேணும்?

பால்மரத்து மகள்:
பிழைச்சது வைட்டமினால இல்ல. லேசா வந்த காக்சிடியாவை நல்ல குஞ்சு தானே தாங்கிக்கும், எதிர்ப்புச் சக்தியும் வந்திடும். கடுமையா வந்ததுதான் சாகும். உங்ககிட்ட செத்ததையும் சேர்த்துச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

ஈப்போ தம்பி:
ஒரு நிமிஷம், ரெண்டு பேரும். எச்சம் என்ன நிறம்னு யாராவது கேட்டீங்களா? ஆரஞ்சு நிறத்துல சவ்வு மாதிரி வந்தா அது குடல் தோல் உரிஞ்சு வர்றது, எப்பவாவது அப்படி வந்தா நோய் இல்ல. பழுப்பா பசை மாதிரி நாறிக்கிட்டு வர்றது குருட்டுக்குடல் எச்சம், அதுவும் சாதாரணம்தான். வெள்ளையா, பச்சையா போனா அது வேற கதை. முதல்ல எந்தக் கழிச்சல்னு தெரியணுமே.

பச்சிலை அம்மா:
எந்தக் கழிச்சலா இருந்தா என்ன பிள்ளை. மஞ்சள், சின்ன வெங்காயம், சீரகம், கொஞ்சம் வேப்பிலை, நல்லா அரைச்சு சுண்டைக்காய் அளவு உருட்டி உள்ள தள்ளுங்க. எங்க தோட்டத்துல அந்தக் காலத்துல ஆம்புரோலியத்தை யாரு கண்டா? கோழி இல்லாமலா இருந்தது?

கங்காணி பேரன்:
அப்படிச் சொல்லுங்க அம்மா. பெரியவங்க சொன்னாப் புரியாது இவங்களுக்கு. பி1, பி2ன்னு பாடம் நடத்துவாங்க.

பால்மரத்து மகள்:
நீங்க அம்மா பின்னால ஒளியாதீங்க. மஞ்சள் பத்தி யாரும் இங்க கேட்கல. மஞ்சள் வேணாம்னும் நான் சொல்லல, ஆனா ரத்தமா கழியுற குஞ்சுக்கு மஞ்சளை மட்டும் நம்பி நாளைக் கடத்தக் கூடாது. குருட்டுக்குடலைத் தாக்குற எய்மீரியா டெனெல்லாங்கிற வகை, உள்ள போன 5ஆம் 6ஆம் நாள்லதான் ரத்தம் காட்டும். நீங்க ரத்தத்தைப் பார்க்குற நேரத்துல சேதம் நடந்து முடிஞ்சிருக்கும். அப்ப மருந்தைச் சரியா வைக்கணும். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ஆம்புரோலியத் தண்ணியில பி1 கலக்கலாமா, கூடாதா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

கங்காணி பேரன்:
கலக்கலாம். சொல்லிட்டேன்.

பால்மரத்து மகள்:
ஏன் கலக்கலாம்?

கங்காணி பேரன்:
ஏன்னா நான் கலந்தேன். டவுன்ல தீனிக் கடை முதலாளி, அந்தத் தவுக்கேயே ரெண்டு பாக்கெட்டையும் சேர்த்துத்தான் எடுத்துக் கொடுத்தாரு. அவருக்குத் தெரியாததா?

பால்மரத்து மகள்:
தவுக்கேவுக்கு ரெண்டு பாக்கெட் வித்தா ரெண்டு பாக்கெட்டுக்குக் காசு. உங்களுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்னு எனக்குத் தெரியும். போன வருஷம் என் சொந்தக்காரப் பையனுக்கு நீங்க வித்த குஞ்சுல பாதி செத்துச்சு. அப்பவும் இதே மாதிரி, தண்ணியில வைட்டமின் போடல, அதான்னு அவன் மேல பழியைப் போட்டீங்க.

கங்காணி பேரன்:
இதுதான் உள்ள இருந்த கோபமா! குஞ்சை எடுத்துட்டுப் போய் ஈர மரத்தூள் மேல விட்டது அவன். மழை மாசத்துல கூண்டுக்குக் கூரைத் தகரம்கூட ஒழுங்காப் போடல. நான் போய்ப் பார்த்தேன், கால் வச்சா சொதசொதன்னு இருந்துச்சு. என் குஞ்சைக் குத்தம் சொல்லாதீங்க. என்கிட்ட குஞ்சு வாங்க அரசூர் வரைக்கும் ஆளுங்க இருக்காங்க.

ஈப்போ தம்பி:
ஈரத் தரைன்னு அண்ணன் சொன்னது முக்கியமான விஷயம். எச்சத்துல வெளிய வர்ற காக்சிடியா முட்டை உடனே நோய் தராது. சூடும் ஈரமும் காத்தும் கிடைச்சா 1 அல்லது 2 நாள்ல பழுத்து, அப்பதான் தின்கிற குஞ்சுக்குத் தொத்தும். நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழையில சூடும் ஈரமும் தாராளமாக் கிடைக்குது. மரத்தூளை அள்ளி வெளிய போட்டுட்டு, காய்ஞ்சதைப் போடுங்க. தண்ணித் தட்டைக் கல் வச்சு உயர்த்துங்க, எச்சம் அதுல விழக்கூடாது. குளோரின் தெளிச்சா அந்த முட்டை சாகாது. கொதிக்கிற தண்ணியும் நல்ல வெயிலும்தான் கொஞ்சம் கேட்கும். அப்புறம், நிறம் என்னன்னு இன்னும் யாரும் சொல்லல.

புதுக்கூண்டு:
கேட்டது நான்தான்ங்க. பழுப்பும் சிவப்பும் கலந்த மாதிரி போகுது. ரெக்கை தொங்குது, கண்ணை மூடிக்கிட்டு ஒரே இடத்துல நிக்குது, தீனி எடுக்கல, தண்ணி மட்டும் கொஞ்சம் குடிக்குது. மத்த ரெண்டு குஞ்சுக்கும் லேசா ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. ஆம்புரோலியம் 20 விழுக்காடு பொடி வாங்கியிருக்கேன். எவ்வளவு கலக்கணும்?

பால்மரத்து மகள்:
தம்பி, 20 விழுக்காடு பொடின்னா 1 லிட்டர் தண்ணிக்கு 1.2 கிராம். தண்ணியில 0.024 விழுக்காடு மருந்து நிக்கும். 3 முதல் 5 நாள் அந்தத் தண்ணி மட்டும்தான் வைக்கணும், வேற தண்ணி இருக்கக்கூடாது, தினமும் புதுசாக் கலக்கணும். அதுக்கப்புறம் 0.006 விழுக்காட்டுக்குக் குறைச்சு, அதாவது கால்வாசி, 1 முதல் 2 வாரம். உங்க பாக்கெட்ல வேற அளவு போட்டிருந்தா அதைப் பின்பற்றுங்க. கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறது தானாப் போதுமான அளவு குடிக்காது, அதைத் தனியா எடுத்து அலகோரமா சொட்டுச் சொட்டா விடுங்க, தொண்டைக்குள்ள ஊத்தாதீங்க. மூச்சுக்குழல்ல போயிடும். மத்த ரெண்டுக்கும் இப்பவே ஆரம்பிங்க. வைட்டமின் பொடியைத் தொடவே தொடாதீங்க. மருந்து முடிஞ்ச பிறகு கொடுக்கலாம்.

கங்காணி பேரன்:
பாருங்க, கடைசியில "கொடுக்கலாம்"னு வந்துட்டாங்க. இதைத்தானே நானும் சொன்னேன், வைட்டமின் கொடுக்கலாம்னு.

பால்மரத்து மகள்:
மருந்து முடிஞ்ச பிறகு. "ஒரே தண்ணியில" கலக்கலாம்னு நீங்க சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணாகிடுமா?

கங்காணி பேரன்:
முன்னாடி கொடுத்தா என்ன, பின்னாடி கொடுத்தா என்ன, குஞ்சோட வயித்துக்குள்ள ரெண்டும் சந்திக்கத்தானே போகுது.

பால்மரத்து மகள்:
சந்திக்காது! ஒட்டுண்ணி பெருகுற நாள்கள்ல பி1 இருக்கக்கூடாதுங்கிறதுதான் விஷயம். எத்தனை தடவை சொல்றது?

சேவல் பிரியன்:
நான் இடையில புகுறேன், மன்னிக்கணும். இதே நோய்க்குச் சல்ஃபா மருந்து கொடுத்தா குஞ்சுக்கு வைட்டமின் கே வேணும்னு கேள்விப்பட்டிருக்கேன். அப்ப அங்க மட்டும் வைட்டமின் சரியா?

ஈப்போ தம்பி:
ஆமாம் அண்ணே. சல்ஃபாகுவினாக்ஸலின் வைட்டமின் கே வேலையைக் கெடுக்கும், ரத்தம் உறையுறதுக்குக் கே வேணும். அதனால அங்க கே கொடுப்பாங்க. அது கே, இது பி1.

கங்காணி பேரன்:
ஹா! ஒரு வைட்டமின் சரி, இன்னொரு வைட்டமின் தப்பு. படிச்சவங்களோட கணக்கே தனி.

பால்மரத்து மகள்:
ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலை செய்யுதுன்னு ஒத்துக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? வீம்பு, வேற ஒண்ணுமில்ல.

பச்சிலை அம்மா:
அடிச்சுக்காதீங்க பிள்ளைங்களா. தம்பி, ராத்திரி கொஞ்சம் மோர் கொடு.

சேவல் பிரியன்:
மோர் வேண்டாம் அம்மா, கோழிக்குப் பால் சர்க்கரை செரிக்காது. கழுத்தடியில தீனி தங்குற இரைப்பையையும் பார்க்கணும். காலையில தீனி வைக்கிறதுக்கு முன்னாடி தொட்டுப் பாருங்க, ராத்திரி தின்னது இறங்கி வெறுமையா இருக்கணும். கல்லு மாதிரி கெட்டியா இருந்தா அடைச்சிருக்கு, நம்ம பக்கத்துல லாலாங் புல்லை நீளமா முழுங்கிட்டு இப்படி ஆகும். தண்ணி மாதிரி ஆடி, வாய் புளிச்ச நாத்தம் அடிச்சா பூஞ்சை வகைப் புளிப்பு. அதுக்கு ஆம்புரோலியம் எதுவும் செய்யாது. சிலர் தலைகீழாப் பிடிச்சுப் பிதுக்குவாங்க. அப்படிச் செஞ்சா மூச்சு முட்டிச் சாகலாம்.

பச்சிலை அம்மா:
மோர் வேண்டாமா? எங்க வீட்டுக் கோழியெல்லாம் மோர்ச் சோறுதான் தின்னுச்சு. நீ சேவலை வச்சு லயத்துல விடியக்காலைல யாரையும் தூங்க விடல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்.

சேவல் பிரியன்:
அது பழைய பிரச்சினை அம்மா. அந்தச் சேவலை அப்பவே கொடுத்துட்டேன். திரும்பத் திரும்ப எடுக்காதீங்க.

கங்காணி பேரன்:
கொடுத்தாயா? ஞாயித்துக்கிழமை உன் வீட்டுப் பின்னால கூவினது யாரு, அப்ப?

புதுக்கூண்டு:
தொட்டுப் பார்த்தேன், இரைப்பை வெறுமையாத்தான் இருக்கு. வாயில நாத்தம் இல்ல.

ஈப்போ தம்பி:
அப்ப ரத்தக் கழிச்சல்தான் இருக்கும். ஆனா பச்சையாக் கழிஞ்சு, கழுத்தைத் திருகிக்கிட்டு, மூச்சு வாங்கினா அது நியூகாசல் நோயா இருக்கலாம். அதுக்கு மருந்தே இல்ல, தடுப்பு ஒண்ணுதான். 1980கள்ல செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்துல சூடு தாங்குற வி4 தடுப்பு மருந்தைத் தீனியிலேயே கலந்து கம்போங் கோழிக்குக் கொடுக்க ஆராய்ச்சி பண்ணினாங்க. நம்ம மாதிரி வீட்டுக் கோழி வளர்க்கிறவங்களுக்காகத்தான் அது. ஒருவேளை குஞ்சு செத்தா புதைக்காதீங்க, ஐஸ்ல வச்சு ஈப்போல இருக்குற கால்நடை ஆராய்ச்சி நிலையத்துல கேளுங்க, 1948லேருந்து அது இருக்கு. கோலகங்சார் மாவட்டக் கால்நடை அலுவலகத்துலயும் விசாரிக்கலாம்.

கங்காணி பேரன்:
உயிரோட இருக்குற குஞ்சுக்கு வழி கேட்டா, செத்தா எங்க கொண்டு போறதுன்னு சொல்றீங்க. தம்பி, இவங்க பேச்சைக் கேட்காத. என் கைமருந்துல போ. கோழிக்கு ஆண்டிபயாட்டிக் மாத்திரை இருந்தா அதையும் பொடி பண்ணிப் போடு.

பால்மரத்து மகள்:
ஐயோ, இதுவும் சேர்ந்தாச்சா! பெரும்பாலான ஆண்டிபயாட்டிக் காக்சிடியாவைத் தொடாது. கண்டபடி போடுறதனாலதான் 2019லேருந்து நம்ம நாட்டுல உணவு விலங்குக்குக் கோலிஸ்டின்ங்கிற ஆண்டிபயாட்டிக்கைத் தடை பண்ணினாங்க. முட்டையும் கறியும் நம்ம பிள்ளைங்க வாயிக்குத்தான் போகுது. இவர் சொல்றதைக் கேட்டு ஒரு குஞ்சு செத்தாலும் எனக்குத் தாங்காது. திரும்பவும் எழுதுறேன், படிக்கிறவங்க படிச்சுக்கோங்க: ஆம்புரோலியம் ஓடுற நாள்கள்ல பி1 வேண்டாம்.

கங்காணி பேரன்:
நானும் திரும்ப எழுதுறேன்: ஒரே வாளி, ரெண்டு பாக்கெட். நாளைக்கும் என் கூண்டுல அதுதான்.

பால்மரத்து மகள்:
உங்க கூண்டு உங்க இஷ்டம். ஆனா "ரெண்டே நாள்ல எழுந்து ஓடும்"னு இங்க எழுதாதீங்க. எழுதினா ஒவ்வொரு தடவையும் கீழ வந்து நான் பதில் போடுவேன்.

கங்காணி பேரன்:
போடுங்க. எனக்கும் வேலை இருக்கு, சாயங்காலம் வந்து படிக்கிறேன்.

புதுக்கூண்டு:
அக்கா, சமையல் தராசுல 1.2 கிராம் காட்டலங்க. 10 லிட்டருக்கு 12 கிராம்னு மொத்தமாக் கலந்து, அதுலேருந்து எடுத்து வைக்கலாமா?