மறு: லர்க்கருக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

லர்க்கர்னா இணையக் குழுவுல மத்தவங்க எழுதறத படிச்சுட்டு தான் எதுவும் எழுதாதவங்க. அவங்களுக்கு தமிழ்ப்பேரா இதுவரை வந்த சொல் எல்லாத்தையும் படிச்சேன். பதுங்குநர், மறைநோக்கர், மௌனி, பார்வையாளர். பதுங்குநர் மட்டும் வேண்டவே வேண்டாம்னு கேட்டுக்கறேன். திருடன்தான் பதுங்குவான். ஆன்லைன் வகுப்புல மத்த பிள்ளைங்க எழுதினத எல்லாம் படிச்சுட்டு தான் ஒண்ணும் எழுதாம போற பொண்ண அப்படி கூப்பிட எனக்கு மனசு வரல. நாம இங்க வைக்கிற பேரு நாளைக்கு மார்க் ஷீட்ல போய் உக்காந்துக்கும், அதான் நீளமா எழுதறேன்.

போன செமஸ்டர் சுற்றுச்சூழல் பேப்பருக்கு மூடுல்ல (Moodle, ஆன்லைன் வகுப்பு நடத்தற மென்பொருள்) ஒரு கலந்துரையாடல் வச்சேன். சென்னை பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல ராம்சார் பட்டியல்ல (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்) சேர்ந்துச்சே, இனிமே சுத்தி இருக்கற வீடு, குப்பைமேடு எல்லாம் என்ன பண்றதுன்னு. வாரம் ஒரு பதிவு, ரெண்டு மறுமொழி, 10 மார்க். ஒரு மாணவி ஆறு வாரமும் எதுவும் எழுதல, நானும் சைபர் போட்டுட்டேன். அப்புறம் வைவால உக்கார வச்சு கேட்டா, மூணாவது வாரம் ஒரு பையன் வெள்ளத்தண்ணி எந்தப் பக்கம் வடியும்னு எழுதினது, அத இன்னொருத்தி மறுத்தது, ரெண்டையும் வரி மாறாம சொல்லிட்டு, "ரெண்டு பேருமே ஒக்கியம் மடுவ விட்டுட்டாங்க மேடம்"ங்கறா. அந்த சதுப்புநிலத்து தண்ணி வடியற கால்வாய்தான் அது. அன்னிக்கு ராத்திரியே, யார் எப்ப எத திறந்தாங்கன்னு மூடுல் வச்சிருக்கற லாக் எடுத்துப் பாத்தேன். ராத்திரி 11:10, 11:14, 11:32னு வரிசையா அவ பேரு, ஒரு இழை (த்ரெட்) விடாம திறந்திருக்கா, சிலத மூணு தடவ. வீட்ல ஒரே போனாம், அண்ணன் வேலை முடிஞ்சு வந்தப்புறம்தான் கைக்கு வரும்னு பின்னாடி சொன்னா. இதுல பதுங்கினது எங்க?

மௌனின்னா எழுதலங்கறது மட்டும்தான் தெரியுது, படிச்சாங்களான்னு தெரியல. பார்வையாளர்னா வெளியாள் மாதிரி ஆயிடுது.

என் பரிந்துரை கேள்வியர். குறள் 419-லயே இருக்கு, "நுணங்கிய கேள்வியர்"னு, அங்க கேள்வின்னா கேட்டல். இன்னிக்கு கேள்வின்னா வினாதானே, குழப்புமேன்னு ஐயா கேப்பீங்க, நியாயம்தான், ஆனா கேள்வி ஞானம்னு தினமும் சொல்றோம், அதுல யாரும் குழம்பறதில்ல. கண்ணால படிக்கறது எப்படி கேட்டல் ஆகும்னு அக்கா எழுதியிருந்தீங்க. உ.வே.சா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்டார்னுதானே சொல்றோம், ஏடும் கையில இருந்துச்சே அக்கா.

அதுக்காக கேள்வியருக்கு முழு மார்க் குடுங்கன்னு நான் சொல்லல. ஆசிரியர் சொல்றதுல கால் பங்கு, கூடப் படிக்கறவங்களோட பழகி ஒரு கால், மீதி அரை பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்னு நன்னூல் கணக்கு. எழுதாதவங்களுக்கு அந்த அரை வராது, அத ஒத்துக்கறேன். ஆனா கேள்வியரையும் லாகின்கூட பண்ணாத வராதவரையும் ஒரே சைபர்ல போட்டு மூடறது அநியாயம். லாக்க மட்டும் நம்பவும் முடியாது, திறந்தவங்க எல்லாம் படிச்சவங்க இல்ல. அதனால இந்த செமஸ்டர்லேர்ந்து வாரக்கடைசில எனக்கு மட்டும் ரெண்டு வரி அனுப்பச் சொல்லியிருக்கேன், யார் எழுதினது உன் எண்ணத்த மாத்துச்சு, ஏன்னு. அதுக்கு 4 மார்க். வெறுமனே "நல்ல கருத்து, ஒத்துக்கறேன்"னு மறுமொழி போட்டு மார்க் வாங்கறவங்கள விட இந்த ரெண்டு வரி எனக்கு நிறைய சொல்லுது.

மூடுல்ல வினா-விடை மன்றம்னு ஒரு வகை உண்டு, தான் பதில் போட்டாத்தான் மத்தவங்க பதில் கண்ணுல படும். காப்பி அடிக்கறத தடுக்க நல்லது, ஆனா அதுல கேள்வியருக்கு இடமே கிடையாது, எல்லா வாரமும் அதையே வைக்காதீங்க.

ஒருமைக்கும் கேள்வியர்னே வச்சுக்கலாம், ஆசிரியர் மாதிரி. வினைக்குத்தான் தடுமாறுது. லர்க்கிங்குக்கு கேட்டிருத்தல் சரியா வருமா, இல்ல வேற ஏதாவது தோணுதா, சொல்லுங்க.

அன்புடன்