துளசித் தீநீரில் வைக்கோல் நாற்றம்: தவறு வாலையிலா, அறுவடையிலா?

துளசிமேடு:
வணக்கம். 50 லிட்டர் செம்பு வாலை (தழையை ஆவியில் வடிக்கும் பாத்திரம்) வைத்திருக்கிறேன். போன முறை 8 கிலோ கருந்துளசியில் வடித்த தீநீர் (ஆவியைக் குளிரவைத்து எடுக்கும் மணநீர்) மூடியைத் திறந்ததுமே கிராம்பு போல மணத்தது. இந்த முறையும் அதே பாத்தி, அதே 8 கிலோ, அதே அடுப்பு. ஆனால் நனைந்த வைக்கோல் நாற்றம். மேலே எண்ணெய்ப் படலமும் இல்லை. 6 லிட்டர் வீணாகிவிட்டது. வாலையை மாற்ற வேண்டுமா?

வாலைக்காரன்:
அடிப்பிடித்ததா? தழை அடிச்சட்டியைத் தொட்டால் கருகல் வாடை ஏறும்.

துளசிமேடு:
இல்லை அண்ணே, சல்லடைத் தட்டு போட்டிருக்கிறேன். கருகல் இல்லை, புழுங்கல் வாடைதான்.

வாலைக்காரன்:
அப்படியானால் வாலையை விடுங்கள். எப்படி அறுத்தீர்கள்?

துளசிமேடு:
போன முறை நானே பத்து மணி வெயிலில் பூங்கதிரோடு நுனியைக் கிள்ளிக் கூடையில் போட்டு, உடனே ஏற்றினேன். இந்த முறை ஆள் விட்டேன். முதல் நாள் இரவு மழை. காலை ஆறு மணிக்கே அரிவாளால் தூரோடு அறுத்து, சாக்கில் மிதித்து அடைத்துவிட்டார்கள். மறுநாள்தான் வாலையில் ஏற்றினேன்.

வாலைக்காரன்:
சாக்குக்குள் கை விட்டுப் பார்த்தீர்களா? சுட்டிருக்குமே! ஈரத் தழையை அடைத்து வைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்கத் தொடங்கும். அந்த நாற்றம் ஆவியோடு அப்படியே தீநீரில் இறங்கும். துளசியில் மணம் இருப்பது இலை மேலுள்ள நுண்ணிய சுரப்பி முடிகளில். மிதித்தால் அவை உடைந்து, எண்ணெய் சாக்கிலேயே பறந்துவிடும். தண்டில் எண்ணெய் சொற்பம். தூரோடு அறுத்த 8 கிலோவில் பாதி தண்டாகத்தான் இருந்திருக்கும்.
மழை பெய்த மறுநாள் அறுக்காதீர்கள். நன்றாகப் பூத்திருக்கும்போது, பனி காய்ந்த பிறகு, தரையிலிருந்து 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். நாலைந்து மணி நேரம் நிழலில் மெல்லியதாகப் பரப்பி வாட விட்டு ஏற்றுங்கள். வெயிலில் காய வைத்தால் மணம் போய்விடும்.

கஷாயக்கடை:
ஒரு சின்னத் திருத்தம். நல்ல தழையில் வடித்தாலும் புதுத் தீநீரில் வேகவைத்த கீரை வாடை கொஞ்சம் இருக்கும். சில வாரங்களில் அது அடங்கிவிடும். தம்பி சொல்லும் புளித்த நாற்றம் வேறு, அது போகாது.

துளசிமேடு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அறுக்காமல் விட்டிருந்த பாத்தியில் சோதித்தேன். நீங்கள் சொன்னபடி வெட்டி வாட்டிய 4 கிலோ ஒரு ஈடு, வேண்டுமென்றே இரவு முழுக்கச் சாக்கில் வைத்த 4 கிலோ இன்னொரு ஈடு. முதலாவதில் கிராம்பு மணம் திரும்பிவிட்டது. இரண்டாவது மீண்டும் வைக்கோல். ஆளுக்குக் கூலி கூடக் கொடுத்தாலும் இனி கூடைதான். தூரோடு போன செடிகளில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். சரி, அந்தப் பழைய 6 லிட்டரை என்ன செய்ய?

கஷாயக்கடை:
யாருக்கும் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். வாசல் தெளிக்கலாம்.